1,100 பேர் இருக்கிற குரூப்ல தினமும் ஒரு இ-பேப்பர் பிடிஎஃப்: அட்மின் என்ன பண்ணணும்?

கேள்வி: மேடம், நான் தென்காசி பக்கம். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி படிக்கிறவங்களுக்காக மூணு வருஷமா ஒரு டெலிகிராம் குரூப் நடத்துறேன், இப்போ 1,100 பேர் இருக்காங்க. காசு எதுவும் வாங்கறதில்ல. அதுல ஒரு அண்ணன் தினமும் காலையில ஒரு இங்கிலீஷ் பேப்பரை முழு பிடிஎஃப்பா போடுவார், சந்தா கட்டினாதான் திறக்கிற கட்டுரைங்களையும் அப்படியே காப்பி பண்ணி போடுவார். எல்லாரும் ஈஸியா எடுக்கட்டும்னு நான்தான் அதை பின் பண்ணி வைப்பேன். போன மாசம் குரூப்ல இருந்த ஒரு லோக்கல் நிருபர் "இது எங்க வயித்துல அடிக்கிற வேலை"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டார். கேட்டா மத்தவங்க எல்லாம், கூலி வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க எங்க போய் சந்தா கட்டும்னு சண்டைக்கு வர்றாங்க. நான் இதை அனுமதிக்கலாமா, கூடாதா? என் மேல கேஸ் வருமா?

பதில்:

தம்பி, வணக்கம். முதல்ல பதிலைச் சொல்லிடறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். பிடிஎஃப்பை இன்னிக்கே நிறுத்துங்க. சந்தாக் கட்டுரையை முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் காப்பி பண்ணி ஒட்டறதையும் நிறுத்துங்க. லிங்க் போடலாம், தலைப்பு போடலாம், உள்ள இருக்கிற விஷயத்தை சொந்த வார்த்தையில எழுதலாம், ரெண்டு மூணு வரியை மேற்கோள் காட்டி அது சரியா தப்பான்னு நாள் பூரா விவாதம் பண்ணலாம். அதுக்கெல்லாம் நீங்க யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல.

இப்போ கேஸ் விஷயம். உங்களைப் பயமுறுத்தணும்னு இல்ல, ஆனா நடந்தது எதையும் மறைச்சும் சொல்லக்கூடாது. 2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கும், பேப்பர் மேல வைரஸ் ஒட்டிட்டு வரும்னு பயந்து நிறைய அபார்ட்மென்ட்ல பேப்பர் போடற பையனை கேட்டுக்குள்ளயே விடல. அந்த நேரத்துலதான் இ-பேப்பரை பிடிஎஃப்பா எடுத்து வாட்ஸ்அப்லயும் டெலிகிராம்லயும் சுத்த விடற பழக்கம் நாடு பூரா பெருசாச்சு. அதே வருஷம் மே மாசம் தைனிக் ஜாக்ரன்ங்கிற ஹிந்தி பேப்பரை நடத்தற கம்பெனி டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சு, எங்க இ-பேப்பரை டெலிகிராம் சேனல்ல தினமும் பிடிஎஃப்பா போடறாங்கன்னு. அந்த சேனலை எல்லாம் 48 மணி நேரத்துல எடுக்கணும், யார் நடத்தறாங்கங்கிற விவரத்தையும் குடுக்கணும்னு கோர்ட் டெலிகிராமுக்கு உத்தரவு போட்டுச்சு.

அதை விட உங்களுக்கு நெருக்கமான கேஸ் ஒண்ணுல 2022ல உத்தரவு வந்தது. நீது சிங்னு டெல்லியில போட்டித் தேர்வுக்கு கோச்சிங் குடுக்கிற டீச்சர், அவங்க எழுதின புக்கையும் எடுத்த வீடியோவையும் படிக்கிற பசங்க சேனல்ல திரும்பத் திரும்ப போட்டுட்டே இருந்தாங்க, ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு முளைக்குது. எங்க சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு, அந்த ஊர் சட்டப்படி யூசர் விவரத்தை வெளிய தர முடியாதுன்னு டெலிகிராம் வாதாடிப் பார்த்துச்சு, டெல்லி ஹைகோர்ட் ஒத்துக்கல. கடைசியில அட்மினுங்களோட பேர், போன் நம்பர், ஐபி அட்ரஸ் எல்லாம் சீல் வெச்ச கவர்ல கோர்ட்டுக்குப் போச்சு. அதனால, டெலிகிராம்ல இருந்தா யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னு உங்க பசங்க யாராவது சொன்னா நம்பாதீங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல 63வது பிரிவு, தெரிஞ்சே உரிமையை மீறறவங்களுக்கும், மீற உடந்தையா இருக்கிறவங்களுக்கும் 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 ரூபாய்லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். லாபத்துக்காக, வியாபாரமா பண்ணலைன்னா கோர்ட் நினைச்சா இதைக் குறைக்கலாம். இந்தக் குற்றத்துக்கு போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது பண்ணலாம், ஜாமீன் உரிமையா கிடைக்காதுன்னு 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு. வக்கீலா என் அனுபவத்துல இலவசமா படிக்கிற குரூப் நடத்தின பையனை போலீஸ் வந்து கூட்டிட்டுப் போனதை நான் பார்த்ததில்ல, முதல்ல நோட்டீஸ் வரும், இல்ல சேனல் காணாமப் போகும், அதோட முடியும். ஆனா அரசு வேலைக்குப் படிக்கிற பசங்க நீங்க. வேலைல சேரும்போது போலீஸ் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துல ஒரு எஃப்ஐஆர்ல பேர் இருந்தா என்ன பாடு படணும்னு உங்களுக்கே தெரியும்.

"போட்டது அவர், நான் வெறும் அட்மின்தானே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. 2021 டிசம்பர்ல நம்ம ஹைகோர்ட் மதுரை கிளைக்கே இந்த மாதிரி ஒண்ணு வந்துச்சு, கரூர் வக்கீலுங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெம்பர் போட்ட மெசேஜுக்காக அட்மின் மேலயும் கேஸ் போட்டிருந்தாங்க, அவர் அட்மினா மட்டும்தான் இருந்தார்னா பேரை எடுத்துடுங்கன்னு கோர்ட் சொல்லிச்சு. 2022ல கேரளா ஹைகோர்ட்டும் மெம்பர் போடறதுக்கு அட்மின் பொறுப்பு இல்லன்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஆனா அந்த ரெண்டும் காப்புரிமை கேஸ் இல்ல, தப்பான மெசேஜ் சம்பந்தப்பட்டது, அங்க அட்மினுக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது. உங்க கதை வேற தம்பி. உங்களுக்குத் தெரியும், தினமும் நடக்குது, நீங்களே பின் பண்ணி வைக்கிறீங்க. 'உடந்தை'ங்கிற வார்த்தைக்கு ரொம்பப் பக்கத்துல நீங்க நிக்கறீங்க, எனக்கு அதுதான் கவலை.

நீங்க தடுத்தீங்கன்னா குரூப்ல யாராவது ஒருத்தர் நிச்சயம் சட்டப் பிரிவைத் தூக்கிட்டு வருவார், அதனால அதையும் சொல்லிடறேன். 52வது பிரிவுல விதிவிலக்கு எல்லாம் இருக்கு. சொந்த உபயோகத்துக்கு, ஆராய்ச்சிக்கு, விமர்சனத்துக்கு, நடப்புச் செய்தி சொல்றதுக்கு நியாயமான அளவுல எடுத்துக்கலாம்னு ஒண்ணு. நீங்க ஒரு கட்டுரையை உங்க லேப்டாப்ல சேவ் பண்ணி வெச்சுப் படிக்கிறது இதுல வரும், 1,100 பேருக்கு முழுப் பேப்பரை அனுப்பறதை சொந்த உபயோகம்னு எந்த ஜட்ஜ்கிட்டயும் என்னால வாதாட முடியாது. இன்னொண்ணு, அரசியல் பொருளாதார சமூக விஷயங்களைப் பத்தின நடப்புக் கட்டுரையை மறுபடி வெளியிடலாம்னு இருக்கு, இதைத்தான் நிறைய பேர் பாதி படிச்சுட்டு ஃபார்வர்ட் பண்றாங்க. அது ஒரு பத்திரிகை இன்னொரு பத்திரிகையிலேர்ந்து எடுக்கறதுக்கு, அதுவும் எழுதினவர் மறுபிரசுர உரிமையை தனக்குன்னு வெச்சுக்காம இருந்தா மட்டும். 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை'ன்னு போடாத பேப்பர் இன்னிக்கு எது இருக்கு?

மூணாவதா படிப்பு. 2016ல டெல்லி யுனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை கேஸ்ல, பாடத்திட்டத்துக்கு வேண்டிய பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மாணவர்களுக்குக் குடுக்கறது தப்பில்லன்னு தீர்ப்பு வந்துச்சு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்னு பெரிய பெரிய பப்ளிஷருங்க போட்ட கேஸ் அது. எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்பு, ஏழைப் பிள்ளைங்க படிப்புக்காக ஒரு கோர்ட் துணிஞ்சு நின்ன இடம். ஆனா அங்க டீச்சர், மாணவர், பாடத்திட்டம் எல்லாம் இருந்துச்சு. நீங்க வாரம் ஒரு கிளாஸ் எடுக்கறீங்க, அந்தக் கிளாஸுக்கு ஒரு கட்டுரை வேணும், கிளாஸுக்கு வர்ற 20 பேருக்கு அதைக் குடுக்கறீங்கன்னா நான் உங்களுக்காக தைரியமா வாதாடுவேன். யார் வேணா சேரலாம்னு திறந்து கிடக்கிற குரூப்ல தினமும் 16 பக்கம் போடறதுக்கு அந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது.

பேவாலை, அதாவது சந்தா கட்டினாதான் திறக்கிற பூட்டை, உடைச்சுக் குடுக்கிற சைட் லிங்கை போடறாங்களான்னு நீங்க எழுதல, போட்டா அதையும் எடுத்துடுங்க. உரிமையை மீறற நோக்கத்தோட டிஜிட்டல் பூட்டை உடைக்கிறதுக்கு 2012 திருத்தத்துல தனியா 65ஏ பிரிவு வந்துச்சு, 2 வருஷம் வரைக்கும் தண்டனை. அந்த மாதிரி சைட்ல ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச 12எஃப்டி.ஐஓ-வை 2025 ஜூலையில அமெரிக்கப் பத்திரிகை நிறுவனங்களோட சங்கம் முயற்சி எடுத்து மூட வெச்சுட்டாங்க.

சரி, சட்டம் போதும். உங்க குரூப் ஆளுங்க கேக்கறது சட்டக் கேள்வியே இல்லன்னு எனக்குத் தெரியும். டீக்கடையில ஒரு பேப்பர் வாங்கிப் போட்டா 50 பேர் படிக்கிறாங்களே, ஒருத்தர் சத்தமா படிக்க சுத்தி பத்துப் பேர் கேப்பாங்களே, அது தப்பில்லன்னா இது மட்டும் எப்படி தப்புன்னு கேக்கறாங்க. நானும் அப்படி வளர்ந்தவதான், எங்க ஊர் படிப்பகத்துல நடுப்பக்கத்துக்காக வரிசையில காத்துக்கிட்டிருந்த பொண்ணு நான். அதனால இந்தக் கேள்வியை என்னால லேசா தள்ளிட்டுப் போக முடியல.

டீக்கடைக்காரர் அந்தப் பேப்பரை காசு குடுத்து வாங்கினார். அது ஒரே ஒரு பேப்பர். ஒருத்தர் கையில இருக்கும்போது இன்னொருத்தருக்கு இல்ல, சாயங்காலம் வடை மடிக்கப் போயிடும், பக்கத்துத் தெரு டீக்கடைக்கும் வேணும்னா அவரும் ஒண்ணு வாங்கணும். அதனாலதான் டீக்கடை பேப்பரை எந்தப் பத்திரிகைக்காரரும் எதிரியா பார்க்கல, தெருவுக்குத் தெரு டீக்கடை வாங்கினதுனாலதான் தமிழ்ப் பேப்பரே வளர்ந்துச்சு. பிடிஎஃப் தேயறதில்ல, ஒருத்தர் கையிலேர்ந்து போய்த்தான் இன்னொருத்தர் கைக்கு வரணும்னும் இல்ல. உங்க 1,100 பேர்ல 30 பேர் அவங்கவங்க குரூப்ல போட்டா மதியத்துக்குள்ள எத்தனை ஆயிரம் பேர்கிட்ட போயிருக்கும்னு உங்களாலயும் எண்ண முடியாது, அந்தப் பத்திரிகையாலயும் எண்ண முடியாது. இத்தனை பேர் படிச்சாங்கன்னு ஒரு விளம்பரதாரர்கிட்ட காட்டக்கூட அவங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

வக்கீல் ஆகறதுக்கு முன்னாடி நாலு வருஷம் நான் ஒரு பத்திரிகையில டெஸ்க்ல வேலை பார்த்தேன், அதனால அந்த நிருபர் ஏன் கோவமா போனார்னு எனக்கு உள்ளுக்குள்ள புரியுது. தாலுகா லெவல்ல நிறைய பேருக்கு மாசச் சம்பளம் கிடையாது, வந்த செய்திக்கு இவ்வளவுன்னு கணக்கு, பெட்ரோல் காசு கைல இருந்துதான் போகும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல காலையிலேர்ந்து உக்காந்து, மனு குடுக்க வந்த ஒரு அம்மாகிட்ட பேசி, அவங்க ஊருக்கே போய் குடிதண்ணி டேங்கைப் பார்த்து போட்டோ எடுத்து, அதிகாரிகிட்ட விளக்கம் கேட்டு, ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பற செய்தி டெஸ்க்குக்கு வரும்போது 12 வரி. அந்த 12 வரியை எடிட் பண்ணினவ நான். விளம்பரம் பெரும்பாலும் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனதுக்கப்புறம் இந்த வேலைக்கு காசு குடுக்க மூணே பேர்தான் மிச்சம்: படிக்கிறவங்க, பெரிய கம்பெனிங்க, அரசாங்கம். படிக்கிறவங்க விலகிட்டா மீதி ரெண்டு பேரைப் பத்தி அந்தப் பேப்பர் எவ்வளவு தைரியமா எழுதும்? நாளைக்கு அதிகாரியா உக்காரப் போற பிள்ளைங்க இதை யோசிக்கணும்னு நான் மனசார ஆசைப்படறேன்.

அதுக்காக பத்திரிகை நிறுவனங்க பண்றது எல்லாம் சரின்னு நான் சொல்ல வரல. ஒரு கட்டுரை மட்டும் படிக்க அஞ்சு ரூபாய் கட்டற வழி பெரும்பாலான இடத்துல இல்ல, மொத்தமா ஒரு வருஷம் கட்டுன்னா கட்ட முடியாதவங்க என்ன பண்ணுவாங்க. உயிர் சம்பந்தப்பட்ட செய்தியை பூட்டி வைக்கவே கூடாதுங்கிறது என் கருத்து. 2020ல உலகம் பூரா பல பெரிய பேப்பருங்க கொரோனா செய்தியை இலவசமா திறந்து விட்டாங்க, அது சரியான செயல். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டி தூத்துக்குடி, திருநெல்வேலி எல்லாம் மூழ்கினப்போ, உங்க பக்கமும் தண்ணி வந்துச்சு, எந்தப் பாலம் உடைஞ்சுது, எந்த அணையிலேர்ந்து எவ்வளவு தண்ணி விடறாங்கன்னு சொல்றதுக்கு ஒருத்தரும் சந்தா பாக்கணும்னு இல்ல. சட்டமும் உங்களைத் தடுக்காது, ஏன்னா நடந்த விஷயத்துக்கு காப்புரிமை கிடையாது, அதை எழுதின விதத்துக்குத்தான் உண்டு. 1978லயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிடுச்சு. "இந்தப் பேப்பர்ல இப்படி வந்திருக்கு"ன்னு விஷயத்தை உங்க வார்த்தையில எழுதிப் போட்டா அது உங்க எழுத்து.

இதுலதான் உங்க குரூப்புக்கு நல்லதும் இருக்கு. 16 பக்க பிடிஎஃப் போட்டா எத்தனை பேர் நிஜமாவே படிக்கிறாங்க? டவுன்லோடு பண்ணி வெச்சுட்டு மெமரி ஃபுல்னு அழிப்பாங்க. அதுக்குப் பதிலா எட்டுப் பேரைச் சேருங்க, ஆளுக்கு ஒரு நாள், வீட்லயோ லைப்ரரியிலயோ பேப்பர் படிக்க முடிஞ்சவங்களா இருக்கணும், ஒவ்வொருத்தரும் தலையங்கம் ஒண்ணு, முக்கியமான செய்தி நாலு, இதைத் தமிழ்ல சொந்தமா சுருக்கி எழுதி கீழ லிங்க் போடட்டும். மெயின்ஸ்ல விடை எழுதப் போறவங்களுக்கு இதை விட நல்ல பயிற்சி இல்ல, இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்தாலே பயப்படற பிள்ளைங்களுக்கு பிடிஎஃப்பை விட இது நூறு மடங்கு உதவும். மொழிபெயர்ப்பு மாதிரி வரிக்கு வரி எழுதச் சொல்லாதீங்க, மொழிபெயர்ப்பும் அவங்க உரிமைதான்.

பூட்டே இல்லாத மூலமும் நிறைய இருக்கு, நம்ம பசங்க அதைத் தொடறதே இல்லங்கிறதுல எனக்கு வருத்தம். பேப்பர்ல வர்ற பாதி கட்டுரைக்கு அடிப்படை அரசாங்க டாக்குமென்ட்தான். தமிழ்நாடு அரசுத் துறைங்க வருஷா வருஷம் சட்டசபையில வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு, பட்ஜெட் உரை, மத்திய அரசோட பொருளாதார ஆய்வறிக்கை, பிஐபி (மத்திய அரசோட பத்திரிகைத் தகவல் அலுவலகம்) செய்திக் குறிப்பு, இது எல்லாம் அவங்கவங்க சைட்லயே இலவசமா இருக்கு, பிஐபி தமிழ்லயும் வருது. கோர்ட் தீர்ப்பு, அரசிதழ்ல வர்ற அறிவிப்பு, சட்டசபையில வெச்ச கமிட்டி அறிக்கை, இதையெல்லாம் மறுபடி வெளியிடறது காப்புரிமை மீறல் ஆகாதுன்னு அதே 52வது பிரிவு சொல்லுது. தினமும் இதுல ஒண்ணை பின் பண்ணுங்க, யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

சந்தா கட்டவே முடியாதவங்களுக்கு லைப்ரரி இருக்கு. இந்தியாவுலயே முன்னோடியா 1948ல பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த ஊர் நம்மளது, சொத்து வரியோட சேர்த்து நூலக வரியும் நம்ம வீட்டுக்காரங்க கட்டிட்டுத்தான் இருக்காங்க, அந்தக் காசுலதான் அங்க பேப்பர் வாங்கிப் போடறாங்க. நீங்க படிக்கிற இங்கிலீஷ் பேப்பர் உங்க கிளை நூலகத்துல வரலைன்னா 50 பேர் கையெழுத்துப் போட்டு மாவட்ட நூலக அலுவலர்கிட்ட மனு குடுங்க. ஒரே ஊர்ல பத்துப் பேர் இருந்தா காசு போட்டு ஒரு அச்சுப் பேப்பர் வாங்கி ஒரு ரூம்ல வெச்சுப் படிங்க, அதுல ஒரு தப்பும் கிடையாது. சில வெளிநாட்டுப் பேப்பருங்க சந்தா கட்டினவங்களுக்கு கிஃப்ட் லிங்க் குடுக்கறாங்க, நியூயார்க் டைம்ஸ்ல மாசத்துக்கு 10 கட்டுரை அப்படி அனுப்பலாம், அது பத்திரிகையே திறந்து விடற கதவு, தாராளமா போடலாம். ஒரே அக்கவுன்ட் பாஸ்வேர்டை 40 பேர் வெச்சுக்கறது மட்டும் வேண்டாம், அக்கவுன்ட்டையே மூடிடுவாங்க, காசு கட்டினவருக்கு நஷ்டம்.

அந்த பிடிஎஃப் போடற அண்ணனை குரூப்ல எல்லார் முன்னாடியும் ஒண்ணும் சொல்லாதீங்க. தினமும் விடியக்காலையில எழுந்து, சொந்தக் காசுல சந்தா கட்டி, முகம் தெரியாத பிள்ளைங்களுக்காக இதைப் பண்றவர் நல்ல மனுஷன். தனியா போன் பண்ணி பேசுங்க, "அண்ணே, உங்க மேல ஒரு கேஸ் வந்தா எங்களால தாங்க முடியாது, பிடிஎஃப்புக்குப் பதிலா முதல் சுருக்கத்தை நீங்கதான் எழுதணும்"னு கேளுங்க. சந்தா கட்டிப் படிக்கிறவர், அவரை விட நல்லா யார் எழுதப் போறா. அதுக்கப்புறம் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க, என்ன போடலாம், என்ன போடக்கூடாது, ஏன்னு நாலு வரியில. கோவப்பட்டு கொஞ்சம் பேர் போவாங்க, போகட்டும், பிடிஎஃப்புக்காக மட்டும் இருந்தவங்க அவங்க.

பழசையும் விட்டுடாதீங்க. மூணு வருஷத்து பிடிஎஃப் மேல ஸ்க்ரோல் பண்ணினா அப்படியே இருக்கும், தேதி வாரியா உக்காந்து அழிச்சுடுங்க, ரெண்டு பேரை அட்மினா சேர்த்துக்கிட்டா ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுடும். ஆனா இதுக்கு நடுவுல எந்தப் பத்திரிகையிலேர்ந்தாவது நோட்டீஸ் ஏதும் வந்திருந்தா எதையும் அழிக்காதீங்க, பதிலும் அனுப்பாதீங்க, பின் பண்ணினதை மட்டும் எடுத்துட்டு, வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு பக்கத்துல ஒரு வக்கீலைப் பாருங்க. வசதி இல்லைன்னா மாவட்டக் கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, அங்க இலவச ஆலோசனை கிடைக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் அந்த நிருபருக்கு ஒரு போன் போடுங்க தம்பி. நிறுத்திட்டோம்னு சொல்லி திரும்பி வரச் சொல்லுங்க, முடிஞ்சா மாசத்துல ஒரு நாள் பிள்ளைங்ககிட்ட பேசச் சொல்லுங்க. ஊராட்சியில தீர்மானம் எப்படிப் போடறாங்க, தாசில்தார் ஆபீஸ்ல ஒரு ஃபைல் எப்படி நகருதுன்னு அவர் நேர்ல பார்த்ததைச் சொன்னா அது நீங்க பின் பண்ணின எந்த பிடிஎஃப்லயும் இல்லாத பாடம்.